ஜோவின் பக்கத்தில் என்ன எழுதுகிறீர்கள்?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன், ஸ்டாக்ஹோம் நேஷனல்மியூசியம், கான்சாஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸ் ஆகிய மூன்று அருங்காட்சியகங்களிலும் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டையில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் மூவரிடமும் ஒரே பெண் இருக்கிறாள். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1865-66இல் வரைந்த ஜோ. படத்தின் பெயர் 'ஜோ, அயர்லாந்து அழகி'. ஒரு கையில் வட்டக் கண்ணாடி, இன்னொரு கை கூந்தலுக்குள். கூர்பே இதே படத்தைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு நான்கு முறை வரைந்தார். மூன்று உங்கள் சுவர்களில் தொங்குகின்றன, நான்காவது தனியார் சேகரிப்பில். அதை வைத்திருப்பவருக்கு அட்டை எழுதும் வேலை இல்லை, அதனால் இந்த மடல் உங்கள் மூவருக்கு மட்டும்.

நான் ஓவியம் படித்தவனல்ல. நேரில் இவளைப் பார்த்ததும் இல்லை. உங்களில் இரண்டு பேர் உயர்தரப் படங்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டீர்களே, அந்தப் புண்ணியத்தில் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பழகியவன். ஒருநாள் மெட்ரோபாலிட்டன் படத்தை இறக்கி, தெருமுனை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி மேசைக்கு மேலே தொங்கவிட்டேன். பிரிண்டில் கூந்தல் செங்கல் நிறமாகிவிட்டது. அது வேறு கதை.

படம் மாட்டிய வாரம் அத்தை வந்திருந்தார். ஓவியர் யார், எந்த ஊர் எதுவும் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடி கொட்டுதான்னு பாக்குறா போல."

இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட, படித்த எல்லாவற்றிலும் இந்த ஒரு வரிதான் படத்திலிருந்து நேராக வந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மடல் எழுதக் காரணமும் அதுதான்.

அத்தை சொன்னதை வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். அவள் சீவி முடித்துத் தயாரானவள் அல்ல. சீப்பு இல்லை. விரல்கள் ஒரு கற்றைக்குள் போயிருக்கின்றன. சிக்கு எடுக்கும்போது விரல் எப்படிப் போகுமோ அப்படி, பாதி விலக்கி, பாதி பிடித்து. வேரிலிருந்து நுனிவரை நெளிநெளியாக இறங்கும் முடியில் சில இழைகள் மட்டும் தனியே பிரிந்து வெளிச்சத்தைப் பிடிக்கின்றன. இமை தாழ்ந்திருக்கிறது. தன்னழகில் மயங்கியவளின் பார்வையாக அது எனக்குப் படவில்லை. ஏதோ ஒன்றைச் சரிபார்க்கிறவளின் பார்வை. லேசான கவலைகூட இருக்கலாம், அல்லது வெறும் அசதி. கண்ணாடிக்குள் தெரியும் முகத்தைக் கூர்பே நமக்குக் காட்டவில்லை. அவள் பார்ப்பது அவளுக்கு மட்டும்.

படத்தின் அளவையும் கொஞ்சம் கவனிக்கலாம். நியூயார்க்கில் இருப்பது 55.9 செ.மீ. உயரம், 66 செ.மீ. அகலம். ஒற்றை ஆளை வரைய நெட்டுவாக்கில் கேன்வாஸ் வைப்பதுதான் வழக்கம். கூர்பே அதைப் படுக்கையாக வைத்திருக்கிறார். எதற்கு? முகத்துக்கும் தோளுக்கும் நெட்டுவாக்கே போதும். கூந்தலுக்குத்தான் அகலம் தேவைப்படுகிறது. பின்னால் அறை இல்லை, ஜன்னல் இல்லை, கதை சொல்லும் பொருள் எதுவும் இல்லை. வெள்ளைச் சட்டையின் லேஸ் ஓரம், தோல், செம்பு நிறம், ஒரு கண்ணாடி. அவ்வளவுக்குள்ளேயே நின்றுகொண்டார்.

கண்ணாடியும் பெண்ணும் ஐரோப்பிய ஓவியத்துக்குப் புதிதல்ல என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காதல் தெய்வம் வீனஸ் கையில் கண்ணாடி கொடுத்தால் காமம், சாதாரணப் பெண் கையில் கொடுத்தால் வீண்பெருமை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் டிஷியன் வரைந்த ஒரு பெண் இருக்கிறாள். அவளும் கூந்தலைப் பிடித்தபடிதான் நிற்கிறாள், ஆனால் முன்னும் பின்னுமாக இரண்டு கண்ணாடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் ஓர் ஆண். தன்னைப் பார்க்கக்கூட அவளுக்கு இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. ஜோ தன் கண்ணாடியைத் தானே பிடித்திருக்கிறாள்.

இன்னொரு படம், கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் லண்டனில் ரோசெட்டி என்ற ஓவியர் வரைந்த லிலித். அங்கேயும் ஒரு பெண் கண்ணாடி பார்த்துத் தலை வாருகிறாள். ஆனால் அவள் ஆண்களைக் கூந்தலால் சுருக்கிடும் மாயக்காரி. சுற்றிலும் பூ. முதலில் ஃபேனி கார்ன்ஃபோர்த் என்ற பெண்ணை வைத்து வரைந்த ரோசெட்டி, 1872-73இல் அந்த முகத்தை எடுத்துவிட்டு அலெக்ஸா வைல்டிங் என்ற வேறொரு பெண்ணின் முகத்தைப் பொருத்தினார். மாயக்காரிக்கு எந்த முகமும் சரிதான் போலிருக்கிறது. கூர்பேயோ ஒரே முகத்தை நான்கு முறை வரைந்தவர். தேவதையைக் காட்டுங்கள், வரைகிறேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சி தன் பெரிய படங்களை ஏற்க மறுத்ததும், பக்கத்திலேயே சொந்தச் செலவில் கொட்டகை போட்டு, வாசலில் 'யதார்த்தவாதம்' என்று எழுதிவைத்த மனிதர். லிலித்தை அவர் பார்த்ததில்லை. முடியைப் பார்த்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜோவைப் பற்றி எங்கே படித்தாலும், நூலோ இணையமோ கண்காட்சி அட்டையோ, வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். லண்டனில் இருந்த அமெரிக்க ஓவியர் விஸ்லரின் மாடல். விஸ்லரின் காதலி. கூர்பேயோடும் உறவு இருந்திருக்கலாம். அழகான சிவந்த கூந்தல். முடிந்தது. இவற்றில் மூன்றாவதற்கு ஆதாரம் என்று கையில் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. ஆனாலும் விடாமல் வருகிறது. ஓர் ஆண் ஒரு பெண்ணை நான்கு முறை வரைந்தால் நமக்கு வேறு காரணமே தோன்றாதா?

தமிழில் இதை எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம், உங்களுக்கு அது இருக்காது. படத்தில் இருப்பவள் எனக்கு 'அவள்'. மேசைக்கு மேலே தினம் பார்க்கிற உரிமையில் அப்படித்தான் வருகிறது. ஆனால் 1839இல் அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு லண்டனுக்குப் பிழைக்க வந்த ஜோவன்னா ஹிஃபர்னனை 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை. 'அவர்'தான். உங்கள் மொழிகளில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால்தான் படத்தில் இருப்பவளைப் பற்றிச் சொல்லிவிட்டாலே வாழ்ந்தவரைப் பற்றியும் சொல்லிவிட்டதாக ஆகிவிடுகிறதோ என்னவோ.

அவர் என்னவெல்லாம் செய்தார்? 1861-62இல் பாரிஸில் விஸ்லரின் ஆளுயர வெள்ளை உடைப் படத்துக்கு நின்றார். லண்டன் அகாடமி அதைத் திருப்பி அனுப்பியது, பாரிஸின் அரசுக் கண்காட்சியான சலோனும் திருப்பி அனுப்பியது. 1863இல் நிராகரிக்கப்பட்டவர்களுக்கென்று தனியாக நடந்த கண்காட்சியில், ஓவியர் மானேயின் படத்தோடு சேர்த்து இதையும் ஊரே பேசியது. இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. 1866இல் விஸ்லர் திடீரென்று சிலிநாட்டு வால்பராய்சோவுக்குக் கப்பல் ஏறினார். ஏறும் முன் தன் காரியங்களைக் கவனிக்க ஜோவன்னாவுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார், உயிலும் அவர் பெயரில். வீட்டுக் கணக்கும் படங்களின் விற்பனையும் பார்த்த பெண் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பிறகு இருவரும் பிரிந்தார்கள். 1870இல் விஸ்லருக்கும் லூயிசா ஹான்சன் என்ற பணிப்பெண்ணுக்கும் ஒரு மகன் பிறந்தான், சார்லஸ். அந்தப் பிள்ளையை வளர்த்தவர்கள் ஜோவன்னாவும் அவர் தங்கையும். பிரிந்துபோன ஆணுக்கு வேறொருத்தியிடம் பிறந்த குழந்தையை வளர்ப்பது என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். 'காதலி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது எங்கே இருக்கிறது?

1865 இலையுதிர்காலத்தில் நார்மண்டிக் கரையில் ட்ரூவீல் என்ற கடற்கரை ஊரில் கூர்பேயும் விஸ்லரும் ஜோவன்னாவும் இருந்தார்கள். கூர்பே அங்கே பணக்காரப் பெண்மணிகளை வரைந்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். சிவந்த கூந்தல் கொண்ட அருமையான ஒரு பெண்ணை வரையத் தொடங்கியிருக்கிறேன் என்று அந்த ஆண்டு ஒரு கடிதத்தில் எழுதினார். விஸ்லர் அதே கரையை வரைந்தார். அகலமான கடல், நிறைய வானம், கரையில் தன்னந்தனியாக ஒரு சின்ன உருவம். அந்த உருவம் கூர்பே என்கிறார்கள். அது பாஸ்டனில் இருக்கிறது. ஒரே கரை. ஒருவர் கடலைப் பார்த்து நண்பரைப் பொட்டாக வைத்தார், இன்னொருவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தலைமுடியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கூர்பேக்கு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 1871இல் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து நகரத்தைத் தாங்களே ஆண்ட பாரிஸ் கம்யூன் காலத்தில், வாந்தோம் சதுக்கத்தில் இருந்த நெப்போலியனின் வெற்றித் தூணைச் சாய்த்தார்கள். கம்யூன் விழுந்ததும் அந்தப் பழி இவர் தலையில் வந்து விழுந்தது. ஆறு மாதச் சிறை. பிறகு, தூணைத் திரும்ப நிறுத்தும் செலவும் உன்னுடையதுதான் என்று ஆனது. 1873இல் சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். கடைசியில் வந்த பில் 323,091 பிராங்க். ஆண்டுக்கு 10,000 வீதம் 33 ஆண்டுகள் கட்டலாம் என்று சலுகை. வயது ஐம்பத்தேழு, குடி வேறு, வயிறு வீங்கிக்கிடக்கிறது. படங்களைப் பறிமுதல் செய்து ஏலம் போடுகிறார்கள்.

அந்த பில் வருவதற்குச் சில மாதம் முன்பு, 1877 பிப்ரவரியில் விஸ்லருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ட்ரூவீல் நாட்களை நினைத்துக்கொள்கிறார். எங்களைச் சிரிக்க வைக்க ஜோ கோமாளித்தனம் செய்வாளே, மாலையில் ஐரிஷ் பாட்டுகளை அவ்வளவு நன்றாகப் பாடுவாளே என்கிறார். ஜோவின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதை விற்கவே மாட்டேன், பார்க்கிறவர்கள் எல்லாரும் வியக்கிறார்கள் என்கிறார். கடனில் கழுத்துவரை மூழ்கிய மனிதர் சொல்கிற வார்த்தை இது. அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இறந்தார். முதல் தவணை மறுநாள் கட்ட வேண்டியிருந்தது.

கவனியுங்கள், அவர் நினைவில் முதலில் வந்தது கூந்தலல்ல. கோமாளித்தனமும் பாட்டும். படத்தில் வாய் மூடியிருக்கும் பெண்ணுக்குள் ஒரு பாட்டுக்காரி இருந்தார் என்று வரைந்தவரே எழுதிவைத்திருக்கிறார். அதை ஏன் அட்டையில் போடக் கூடாது?

கூந்தல் பைத்தியம் எதுவரை போனது என்பதற்கு நியூயார்க் நண்பர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1903இல் விஸ்லர் இறந்தபோது, சவப்பெட்டி இருந்த வீட்டுக்கு முக்காடிட்ட ஒரு பெண் வந்தாராம். முக்காட்டை விலக்கியதும், நரை கலந்த அந்த அடர்ந்த நெளி முடியைப் பார்த்து, இது ஜோவேதான் என்று, விஸ்லரின் படங்களைச் சேகரித்த அமெரிக்கர் சார்லஸ் ஃப்ரீயர் கண்டுகொண்டாராம். இதை அவர் லூயிசீன் ஹேவ்மேயரிடம் சொல்ல, அந்த அம்மாள் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். உங்களிடம் இருக்கும் படத்தை 1929இல் உயிலில் விட்டுச்சென்றவர் அதே அம்மாள்தான். (பெண்கள் வாக்குரிமைக்காக 1919இல் வெள்ளை மாளிகை முன்னே கைதாகிச் சிறைக்குப் போனவரும் அவரே. வரைந்தவர், வைத்திருந்தவர் இருவருமே கம்பி எண்ணியவர்கள். இது அட்டைக்குத் தேவையில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.) அருமையான காட்சி, சினிமாவில் வைக்கலாம். ஆனால் ஜோவன்னா ஹிஃபர்னன் 1886இலேயே லண்டனில் இறந்துவிட்டார் என்று பின்னால் வந்த ஆய்வு கண்டுபிடித்தது. 1903இல் வந்தவர் யாரோ. செத்துப் பதினேழு ஆண்டுகள் ஆன பெண்ணை, ஒரு தலைமுடியை அடையாளம் வைத்து, நூறாண்டுக்குமேல் உயிரோடு நடமாடவிட்டார்கள். இறந்த தேதியைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. 2022இல் லண்டனிலும் வாஷிங்டனிலும் அவரை மையமாக வைத்துக் கண்காட்சி நடந்தபோதுதான் பிறப்பும் இறப்பும் பரவலாக வெளியே வந்தன.

இன்னொன்று இதைவிட மோசம். 1866இல் கூர்பே வரைந்த 'உலகின் தோற்றம்', தலையே இல்லாத அந்த நிர்வாணப் பெண்ணுடல், இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருப்பது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் ஜோதான் என்று பல்லாண்டுகள் எழுதினார்கள். சான்று ஏதும் இல்லை, முடியின் நிறமும் பொருந்தவில்லை. 2018இல் க்ளோத் ஷோப் என்ற ஆய்வாளர், எழுத்தாளர் இளைய அலெக்சாந்தர் துமா, இன்னோர் எழுத்தாளர் ஜார்ஜ் சாந்துக்கு 1871இல் கூர்பேயைத் திட்டி எழுதிய கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சில் 'பேட்டி' என்று இருந்த சொல், கையெழுத்துப் படியில் 'உட்புறம்'. ஒரு சொல்லைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். சரியாகப் படித்ததும் ஓபெராவில் ஆடிய கோன்ஸ்தான்ஸ் கெனியோ என்ற பெண்ணின் பெயர் மேலே வந்தது. முகமே இல்லாத படத்துக்கு இவர் பெயரைத் தயங்காமல் ஒட்டினார்கள். முகம் தெரிகிற படத்தில் முழுப்பெயரைச் சொல்லாமல் 'அயர்லாந்து அழகி' என்று நிறுத்திக்கொண்டார்கள். அழகி என்று கூப்பிடுவதில் தப்பில்லை, கூர்பே காலத்துப் பேச்சு அது. ஆனால் பெயருக்குப் பதிலாக அதுவே நின்றுவிடக் கூடாதல்லவா?

ஆகவே என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. கூந்தலைப் பற்றி எழுதாதீர்கள் என்று கேட்கவில்லை. எழுதுங்கள், நன்றாக எழுதுங்கள். ஆனால் அட்டையை விஸ்லரில் தொடங்காதீர்கள். அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதில் தொடங்குங்கள். பார்க்க வருகிறவர் அட்டையைப் படித்துவிட்டு நிமிரும்போது அந்த விரல்களைத் தேட வேண்டும். 'யாருடைய ஆள்' என்ற கேள்வியோடு நிமிரக் கூடாது. மற்ற மூன்றும் எங்கே இருக்கின்றன என்று ஒரு வரி சேருங்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணிமை எங்கே மாறுகிறது, கை எங்கே மாறுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை. ஒரே நோட்டின் நான்கு நகல் என்று இதை ஒதுக்க மனம் வரவில்லை. கூர்பே விற்பதற்காகவும் படங்களைத் திரும்ப வரைகிறவர்தான், மறுக்கவில்லை. ஆனால் விற்க மாட்டேன் என்று ஒன்றை வைத்துக்கொண்டாரே.

இன்னொன்று, முடிந்தால் மட்டும்: அந்தப் படத்தின் முன்னால் ஒரு பெஞ்ச் போடுங்கள். இது நின்றபடி கடந்துபோகிற படமல்ல. சிக்கு எடுக்க நேரமாகும்.

அட்டை இப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். திருத்திக்கொள்ளுங்கள்.

'ஒரு பெண் கைக்கண்ணாடியில் தன் கூந்தலைப் பார்க்கிறாள். விரல்கள் ஒரு கற்றையைப் பிரிக்கின்றன. கண்ணாடியில் அவளுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. இவர் ஜோவன்னா ஹிஃபர்னன் (1839-1886), லிமரிக்கில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். ஓவியர்களுக்கு மாடலாக இருந்தார், ஓவியர் விஸ்லரின் படங்களையும் கணக்கையும் கவனித்தார், அவர் மகனை வளர்த்தார். ட்ரூவீல் கடற்கரையில் மாலை வேளைகளில் அவர் பாடிய ஐரிஷ் பாட்டுகளைக் கூர்பே சாகும் ஆண்டுவரை நினைவில் வைத்திருந்தார். இதே படத்தை நான்கு முறை வரைந்தார், ஒன்றைக் கடைசிவரை விற்க மறுத்தார்.'

கொஞ்சம் நீளம்தான். அட்டையில் இடம் போதவில்லை என்றால் விஸ்லரை எடுத்துவிடுங்கள். அவருக்கு வேறு நிறையச் சுவர்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
செங்கல் நிறப் பிரிண்ட் ஒன்றின் சொந்தக்காரன்